மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கிறது?

லண்டன் தமிழ்க் கோயில்களின் நிருவாக சபைகளுக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும், தமிழ் வர்த்தகர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். சனிக்கிழமைகளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். மற்ற நாட்களில் வடகிழக்கு லண்டன் வோல்தம்ஸ்டோவில் அண்ணாவின் பலசரக்குக் கடையில் நிற்கிறேன். தேருக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் நீங்கள் கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து வேலை செய்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். மனதில் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை. அன்று காலை எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே அறிவித்தல் வந்து விழுந்தது. மாலையில் யாரும் வெளியே போக வேண்டாம், கடைகளை நேரத்தோடு மூடுங்கள், பெண்கள் பொட்டு வைத்துக்கொண்டு வீதியில் போவதைத் தவிருங்கள், ஆர்ப்பாட்டம் எதிலும் சேராதீர்கள். இவ்வளவும் அக்கறையில் சொன்னது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் ஒரு வரி இருந்தது. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று. அந்த வரி எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

அதற்கு முந்திய ஒன்பது நாளில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 29 அன்று சவுத்போர்ட்டில் சின்னப் பிள்ளைகளின் நடன வகுப்புக்குள் புகுந்த ஒருவன் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்றான். அவன் படகில் வந்த அகதி, முஸ்லிம் என்று ஒரு பொய்ப் பெயரோடு கதை பரவியது. உண்மையில் அவன் கார்டிஃபில் பிறந்த 17 வயதுப் பெடியன். உண்மை எல்லோரையும் எட்டுவதற்குள், அடுத்த நாளே, தீவிர வலதுசாரிக் கும்பல் சவுத்போர்ட் பள்ளிவாசலுக்குக் கல் எறிந்தது. ரொதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, தீ வைத்தார்கள். லிவர்பூலில் ஒரு நூலகத்தைக் கொளுத்தினார்கள். நூலகம் எரிந்தது என்ற செய்தியை யாழ்ப்பாணத்து ஆட்கள் எப்படி வாசிப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1981இல் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் உங்கள் சபைகளிலேயே இருக்கிறார்கள்.

பிறகு அந்தப் பட்டியல் வந்தது. குடிவரவுச் சட்டத்தரணிகளின் அலுவலகங்கள், அகதிகளுக்கு உதவும் நிலையங்கள் என்று நாடு முழுக்க முப்பதுக்கு மேற்பட்ட இடங்கள், முகவரியோடு. புதன்கிழமை இரவு அங்கே கூடுவோம் என்று டெலிகிராமில் போட்டிருந்தார்கள். அதில் வோல்தம்ஸ்டோவும் இருந்தது.

அண்ணா மூன்று மணிக்கே கடையைப் பூட்டத் தொடங்கினார். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் குர்தியர். தன் கடைக்குப் பலகை அடித்த கையோடு ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கண்ணாடிக்கும் அடித்துத் தந்தார். நடைபாதையில் வைத்திருந்த முருங்கைக்காய்ப் பெட்டி, வாழைப்பூ, கறிவேப்பிலைப் பைகள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்ததும் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஷட்டரை இறக்கி லைட்டை அணைத்தோம். அண்ணியும் பிள்ளைகளும் மேல்மாடியில். அண்ணா தீயணைப்பு உருளையை மடியில் வைத்துக்கொண்டு அரிசி மூட்டைமேல் இருந்தார். 83 கலவரத்தில் அவருக்கு ஒன்பது வயது, கொழும்பில் இருந்தார்கள். அதைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. அன்றைக்கு மட்டும், இருட்டுக்குள், "லிஸ்ட் வச்சிருக்கிறாங்களாம்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். கொழும்பிலும் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு வீடாக வந்தன.

ஏழு மணி இருக்கும், தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. விசில், கூச்சல், பிறகு நிறையக் கால்கள் நடக்கும் சத்தம். வந்துவிட்டார்கள் என்று நினைத்தோம். நான் முழங்காலில் இருந்து, கடிதம் போடுகிற துவாரத்தைத் தள்ளிப் பார்த்தேன். கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஆஸ்பத்திரித் தாதிமார் போடுகிற இறப்பர்ச் செருப்பு. பெயின்ற் தெறித்த பூட்ஸ். ஒரு நீளமான கறுப்பு அபாயாவின் விளிம்பு. சக்கர நாற்காலியின் சில்லு. நடக்க நடக்க லைட் மின்னுகிற ஒரு சின்னப் பிள்ளையின் சப்பாத்து. அடிக்க வருகிறவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் வெளியே கோஷம் தெளிவாகக் கேட்டது. அகதிகளே, இங்கே உங்களுக்கு வரவேற்பு என்று.

அண்ணா எழுந்து ஷட்டரை உயர்த்தினார். ஹோ ஸ்ட்ரீட் முழுக்கச் சனம். ஆயிரக்கணக்கில். எங்களிடம் கீரை வாங்க வருகிற கிழவி ஒருவர், எண்பது வயதிருக்கும், கூட்டத்துக்குள் இருந்து கையைக் காட்டினார். பிறகு கிட்ட வந்து, கழிவறையைப் பாவிக்கலாமா என்று கேட்டார். சரி என்றோம். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பிறகு கைக்குழந்தையோடு ஒரு தாய். பத்து நிமிடத்தில் அரிசி மூட்டைக்கும் மரக்கறிப் பெட்டிக்கும் நடுவில் ஒரு வரிசையே நின்றது. அண்ணி மேலிருந்து இறங்கி வந்து தேத்தண்ணீர் ஊற்றத் தொடங்கினா.

அப்போதுதான் எனக்கு நம்முடைய மண்டபம் ஞாபகம் வந்தது. கடையில் இருந்து ஐந்து நிமிட நடை. நாலு கழிவறை, நூறு கதிரை, நூறு பேருக்குத் தேத்தண்ணீர் போடுகிற கொதிகலன், எல்லாம் உண்டு. யாராவது திறப்பைத் தந்தால் வயதானவர்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம் என்று நிருவாகக் குழுவுக்குச் செய்தி போட்டேன். பார்த்ததற்கான நீலக் குறி ஒவ்வொருவராக விழுந்துகொண்டே வந்தது. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அன்றைக்கு எங்கள் வீதிக்கு அவர்கள் வரவே இல்லை. நோர்த் ஃபிஞ்ச்லியிலும் பிரைட்டனிலும் பிரிஸ்டலிலும் லிவர்பூலிலும் நியூகாசிலிலும் அதே கதைதான். வந்த இடங்களிலும் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் வந்தார்கள். பொலிசும் நீதிமன்றமும் அந்த வாரம் வேகமாக வேலை செய்தன என்பது உண்மை. ஆயிரத்துக்கு மேல் கைது நடந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பொலிசால் ஒரு கும்பலை மறிக்க மட்டும்தான் முடியும். இந்த வீதி எங்களுடையது, நீ இங்கே வேண்டாதவன் என்று அந்தக் கும்பலுக்குச் சொல்ல அயலில் இருக்கிற சனம்தான் வர வேண்டும். அன்று வந்தது. நாங்கள்தான் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம்.

வீட்டுக்குள் இருங்கள் என்று சொன்ன முதல் நிருவாகம் உங்களுடையது இல்லை. இந்த நகரத்தில் அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லப் போனபோது, பாடத்திட்டத்தில் இல்லை, அரசியல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டீர்கள். ஆகவே உங்களுக்கே சொல்கிறேன்.

1936 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. ஒஸ்வால்ட் மோஸ்லி என்ற பிரபு வீட்டுப் பிள்ளை, தன் பிரித்தானிய பாசிஸ்ட் யூனியனின் கறுப்புச் சட்டைப் படையோடு கிழக்கு லண்டனுக்குள் ஊர்வலம் போக நாள் குறித்திருந்தார். (பெரியாரின் கறுப்புச் சட்டையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது முசோலினியிடம் கடன் வாங்கியது.) ஊர்வலப் பாதை யூதச் சனம் நெருங்கி வாழ்ந்த தெருக்கள். அதைத் தடை செய்யுங்கள் என்று இலட்சத்தை நெருங்கும் கையெழுத்துகளைத் திரட்டி உள்துறை அமைச்சரிடம் கொடுத்தார்கள். அவர் மறுத்தார். அப்போது யூதப் பிரதிநிதிகள் சபையில் இருந்த பெரியவர்கள், இன்றைக்கு நீங்கள் இருக்கிற மாதிரி வசதியும் மரியாதையும் சம்பாதித்திருந்தவர்கள், தங்கள் சனத்துக்குச் சொன்னது என்ன தெரியுமா? அந்தப் பக்கம் போகாதீர்கள், வீட்டில் இருங்கள். யூதர்களின் பத்திரிகையும் அதையே அச்சடித்தது. தொழிற்கட்சித் தலைவர்களும் விலகி நிற்கச் சொன்னார்கள்.

சனம் கேட்கவில்லை. ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மோஸ்லிக்கு வழி எடுத்துக் கொடுக்க ஆறாயிரத்துக்கு மேல் பொலிஸ், குதிரைப்படையும் சேர்த்து. ஓல்ட்கேட் சந்தியில் ஒரு டிராம் ஓட்டுநர் தன் வண்டியை நடுவீதியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டார். கேபிள் ஸ்ட்ரீட்டில் லொறியைக் கவிழ்த்துத் தடுப்புப் போட்டார்கள். மேல்மாடி யன்னல்களில் இருந்து பெண்கள் குப்பையையும் அழுகிய மரக்கறியையும் மூத்திரச் சட்டியையும் பொலிசின் தலையில் கொட்டினார்கள். கடைசியில் பொலிஸ் ஆணையாளரே மோஸ்லியைத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டி வந்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் சண்டை இல்லை. அந்தத் தடுப்பில் யூதர்களோடு தோளோடு தோள் நின்றவர்களில் பலர் ஐரிஷ் கத்தோலிக்கத் துறைமுகத் தொழிலாளர்கள். மோஸ்லி தன் பக்கம் வருவார்கள் என்று நம்பியிருந்த ஆட்கள். ஏன் வரவில்லை? 1912இல் துறைமுகத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது, பசியில் கிடந்த தொழிலாளர்களின் பிள்ளைகளை யூதத் தையல் குடும்பங்கள் தங்கள் வீடுகளுக்குக் கூட்டிப்போய் வைத்துச் சாப்பாடு போட்டன. அவர்களும் ஏழைகள்தான். இருபத்துநாலு வருடம் கழித்து அந்தச் சாப்பாடு கேபிள் ஸ்ட்ரீட்டில் வந்து நின்றது. அன்னதானத்துக்கு வருடம் தவறாமல் பணம் சேர்க்கிற உங்களுக்கு இது விளங்கும்.

அன்றோடு எல்லாம் முடிந்தது என்று சொன்னால் அது பொய். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மைல் எண்ட் ரோட்டில் யூதர்களின் கடைக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். மோஸ்லியின் கட்சிக்குக் கொஞ்சக் காலம் ஆட்களும் கூடினார்கள். அதனால் எதிர்த்து நின்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கவில்லை. சீருடை போட்டு அரசியல் ஊர்வலம் போவதைத் தடுக்கும் பொது ஒழுங்குச் சட்டம் அந்த வருடமே வந்தது, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஸ்டெப்னியில் வீட்டு வாடகைப் பிரச்சினைகளை எடுத்துக்கொண்டு கதவு கதவாகப் போனார்கள். வாடகை கட்ட முடியாமல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட இருந்த குடும்பங்களில் மோஸ்லி கட்சி அட்டை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகவும் கம்யூனிஸ்டுகள்தான் போய் வாசலில் நின்றார்கள். அந்தக் குடும்பங்கள் கட்சி அட்டையைக் கிழித்துப் போட்டன. அந்த வேலையில் முன்னுக்கு நின்ற ஃபில் பிராட்டினை மைல் எண்ட் சனம் 1945இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது.

சவுத்ஹாலுக்கு நீங்கள் நகை வாங்கப் போவீர்கள். 1979 ஏப்ரல் 23 அன்று, தேர்தல் கூட்டம் என்ற பெயரில் நேஷனல் ஃப்ரண்ட் கட்சி சவுத்ஹால் டவுன் ஹாலைக் கேட்டு வாங்கியது. பெரும்பாலும் பஞ்சாபிகள் வாழும் இடத்தின் நடுவில், இவர்களை நாட்டைவிட்டுத் துரத்து என்று சொல்லும் கட்சிக்குக் கூட்டம். முதல் நாள் ஐயாயிரம் பேர் ஈலிங் டவுன் ஹாலுக்கு நடந்து போய் மனுக் கொடுத்தார்கள். பலன் இல்லை. மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குச் சவுத்ஹால் கடைகள் மூடப்பட்டன. நாங்களும் கடையை மூடினோம், அவர்களும் மூடினார்கள். நாங்கள் மூடியது உள்ளே ஒளிந்திருக்க. அவர்கள் மூடியது முதலாளியும் வேலையாளும் சேர்ந்து வீதியில் போய் உட்கார. ஒரே ஷட்டர்தான்.

அன்று பொலிஸ் மிக மோசமாக நடந்தது. கிழக்கு லண்டனில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த, நியூசிலாந்தில் பிறந்த ஆசிரியர் பிளேயர் பீச் மண்டையில் அடிபட்டு இறந்தார். அவரை அடித்தது பொலிஸ்காரர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்ற பொலிசின் சொந்த விசாரணை அறிக்கை 2010இல்தான் வெளியே வந்தது. ஒருவர் மீதும் வழக்குப் போடவில்லை. இதை மறைத்துவிட்டு வாருங்கள் வாருங்கள் என்று உங்களைக் கூப்பிட எனக்கு மனமில்லை. ஆபத்து இருக்கிறது. ஆனால் அவருடைய உடலைப் பார்க்க ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள் வரிசையில் நின்றார்கள். இன்றைக்கும் சவுத்ஹாலில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு அவர் பெயர். அந்த வருடத் தேர்தலில் நேஷனல் ஃப்ரண்ட் 303 இடங்களில் ஆள் நிறுத்தி, எல்லா இடத்திலும் கட்டுப்பணத்தை இழந்தது. அதற்குத் தாட்சரின் கட்சி அவர்களுடைய வாக்கை இழுத்துக்கொண்டதும் ஒரு காரணம். இருந்தாலும் சவுத்ஹாலில் யார் வீதியில் தலை நிமிர்ந்து நடப்பது என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு பதில் தேட வேண்டி இருக்கவில்லை.

இவையெல்லாம் பழைய கதை என்று சொல்வீர்கள். சரி, 2025 செப்டம்பர் 13க்கு வருவோம்.

அன்று தீவிர வலதுசாரியான டொமி ரொபின்சன் கூப்பிட்ட ஊர்வலத்துக்கு வந்தவர்கள் ஒரு இலட்சத்துப் பத்தாயிரத்தில் இருந்து ஒன்றரை இலட்சம் வரை இருக்கும் என்று பொலிஸ் கணக்குச் சொன்னது. அதற்கு எதிராக நாங்கள் நின்றது சுமார் ஐயாயிரம் பேர். ரசல் ஸ்குவேரில் தொடங்கி வைட்ஹோலுக்கு வந்து சேர்ந்தோம். மற்ற ஊர்வலம் வைட்ஹோலுக்குள் அடங்காமல் பெருகி, எங்களுக்குப் பின்பக்கமும் சுற்றிவிட்டது. பொலிஸ் வரிசைக்கு அப்பால் கொடிக்கம்பங்கள். போத்தல் பறந்தது. மணிக்கணக்காக அங்கேயே நின்றோம். வெளியே போக வழியில்லை, கழிவறை இல்லை, என்னிடம் ஒரு போத்தல் தண்ணீர்தான். எனக்குப் பக்கத்தில் நின்ற ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நீரிழிவு. கைப்பையில் கிடந்த எள்ளுருண்டையைக் கொடுத்தேன். கடைசியில் பொலிஸ்தான் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கூட்டிப் போனது. அன்று 26 பொலிஸ்காரர்கள் காயப்பட்டார்கள்.

அந்த ஐயாயிரத்துக்குள் நான் தமிழ் முகம் தேடினேன். இளம் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள், பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். எங்களிடம் தமிழ் படித்த பெடியன் ஒருவனும் நின்றான். "டீச்சர், எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரேல்லையா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஒரு வருடத்துக்கு முன் ஹோ ஸ்ட்ரீட்டில் நாங்கள் ஆயிரக்கணக்கில், அவர்கள் யாருமில்லை. இப்போது எங்களில் ஒருவருக்கு அவர்களில் இருபதுக்கு மேல். இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கணக்குத்தான்.

நீங்கள் சொல்லும் காரணங்களும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

விசா பிரச்சினை. இது நியாயமான பயம். வழக்கு நிலுவையில் இருக்கிற ஒருவரையோ, மாணவர் விசாவில் நிற்கிற பிள்ளையையோ முன்வரிசைக்கு வா என்று நான் கூப்பிடமாட்டேன், கூப்பிடவும் கூடாது. ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேர் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள். இருபது, முப்பது வருடம் வரி கட்டியிருக்கிறீர்கள். போக முடியாதவனுக்குப் பதிலாகத்தான் போகக்கூடியவன் போக வேண்டும்.

சட்டப் பயம். ஊர்வலம் நடத்துகிறவர்கள் பொலிசுக்கு ஆறு நாள் முன்பே அறிவிக்க வேண்டும். ஓரிடத்தில் கூடி நிற்பதற்கு அந்த அறிவித்தலும் தேவையில்லை. எந்த இடத்தில், எத்தனை மணி வரை என்று 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொலிஸ் நிபந்தனை போடலாம், அந்த எல்லைக்குள் நின்றால் போதும். ஒழுங்கைப் பார்க்கத் தொண்டர்கள் இருப்பார்கள். பொலிஸ் என்ன செய்கிறது என்று குறித்து வைக்கச் சட்டப் பார்வையாளர்கள் தனி மேல்சட்டை போட்டு நிற்பார்கள். கைதானால் கூப்பிட வேண்டிய சட்டத்தரணியின் இலக்கத்தைச் சின்ன அட்டையில் அடித்துக் கொடுப்பார்கள். இதெல்லாம் நமக்குப் புதிதா? 2009இல் ஈழப்போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் 73 நாள் இருந்தோமே. அப்போது நீங்கள்தானே பஸ் பிடித்து ஆட்களை அனுப்பினீர்கள். நானும் அங்கே சோற்றுப் பார்சல் கொடுத்தவள். கொட்டும் மழையில் வீதியில் இருக்க எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கலவரம் பிடித்த ஆட்கள் எதிர்ப் பக்கத்திலும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள், முகமூடியோடு சண்டைக்கென்றே வருகிற சிலரை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கும் அது பிடிக்காது. ஆனால் ஒரு கூட்டத்தில் அம்மாக்களும் தாத்தாக்களும் கோயில் ஆட்களும் கூடக் கூட அந்தச் சிலருக்கு இடம் குறையும். நீங்கள் விலகி நிற்பதால்தான் அவர்கள் பெரிதாகத் தெரிகிறார்கள்.

அடுத்தது, நாங்கள் முறைப்படி வந்தோம், இவர்கள் படகில் வருகிறார்கள் என்ற கதை. இதைக் கேட்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடுப்பைக் கழற்றி எறிந்து, உள்ளாடையோடு நின்று போராடினார்களே, அவர்கள் எந்த முறைப்படி வந்தார்கள்? அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய கப்பலில் அடைத்து வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். அந்த அக்டோபர்ப் புயலில் கட்டறுந்து அலைந்த கப்பல் அது. அப்போதும் பத்திரிகைகள் எங்களைப் பொய் அகதி என்றுதான் எழுதின. 2025இல் எப்பிங்கில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டல் வாசலில் நின்று அவர்களை அனுப்பு என்று கத்திய கூட்டத்துக்கு, ஹோட்டலுக்குள் இருப்பவனுக்கும் எதிர்க்கடையில் கல்லாவில் நிற்கிற உங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. 1992 தொடக்கத்தில் நியூஹாமில் ஒரு தமிழ் அகதி இளைஞன் வெள்ளை இனவெறிக் கும்பல் அடித்த அடியில் இறந்தான். அவனிடம் ஒருவரும் விசா கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசக்கும். இது முஸ்லிம்களின் பிரச்சினை, நாங்கள் சைவர்கள், எங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்ற பேச்சு. பூசை நேர அறிவித்தல் வருகிற அதே குழுவில், பள்ளிவாசல்களைப் பற்றி ரொபின்சனின் ஆட்கள் பரப்புகிற வீடியோக்களை அனுப்புகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 1990 அக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் சனத்தை, சில இடங்களில் இரண்டே மணி நேரம் கொடுத்து, கையில் கொண்டு போகக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்ன வரலாறு எங்கள் பக்கத்தில் கிடக்கிறது. அப்போதும் அயலவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். என் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி அழுதா. எதிர்வீட்டு ஆட்கள் போகும்போது தான் யன்னலைத் திறந்து பார்க்கவில்லை என்று. அந்த யன்னலை நான் இங்கேயும் மூடி வைத்திருக்கப் போவதில்லை.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அடுத்த முறை இப்படி ஒரு நாள் வரும்போது, வீட்டில் இருங்கள் என்ற அந்த அறிவித்தலை அனுப்பாதீர்கள். அதற்குப் பதில் எங்கே, எத்தனை மணிக்குக் கூடுகிறார்கள், எந்தப் பக்கத்தால் போவது பாதுகாப்பு, எந்த பஸ் ஓடும் என்று அனுப்புங்கள். போக முடியாதவர்கள் போக வேண்டாம் என்றும் அதிலேயே சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பள்ளிவாசல், குருத்வாரா, தேவாலயம் எல்லாவற்றிலும் ஒருவரை ஒருவர் தெரிந்து வைத்திருக்கிறார்கள், எங்கள் கோயில் இலக்கம் மட்டும் அவர்களிடம் இல்லை. பொங்கலுக்கு மேயரைக் கூப்பிடுகிறீர்கள், அடுத்த தெரு இமாமையும் ஒருமுறை கூப்பிட்டுப் பொங்கல் கொடுங்கள். ஆபத்து வந்த பிறகு போய் அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

வர்த்தகர் சங்கத்து அண்ணாமாருக்கு ஒன்று. அன்று ஒவ்வொரு கடையும் தனித்தனியாகப் பயந்தது. பத்துக் கடை சேர்ந்து ஒரு மணிக்கு மூடி, மூடிய கடையின் முன்னால் பத்து முதலாளிமாரும் நின்றால் அதைப் பார்க்கிற வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வேலைக்கு நிற்கிற பெடியளின் அன்றைய சம்பளத்தை வெட்டாதீர்கள்.

பள்ளி நிருவாகத்திடம் கேட்பது சின்ன விஷயம். கேபிள் ஸ்ட்ரீட்டில் பழைய டவுன் ஹால் சுவரில் 1936ஐ வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது, 1983இல் முடித்தது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் வைட்சப்பலில் அல்தாப் அலி பூங்கா. 1978 மே மாதம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் குத்திக் கொல்லப்பட்ட வங்காளித் தையல் தொழிலாளியின் பெயர் அது. அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் ஏழாயிரம் பேர் பிரதமர் வாசல் வரை நடந்தார்கள். ஒரு சனிக்கிழமை நாலாம் வகுப்பை நான் அங்கே கூட்டிப் போகிறேன். பெற்றோரிடம் கையெழுத்து நானே வாங்குகிறேன். பார்த்ததைத் தமிழில் பத்து வரி எழுதச் சொல்கிறேன், அது பாடத்திட்டத்துக்குள் அடங்கும்.

கடைசியாக மண்டபம். அதைக் கட்ட என் அப்பாவும் மாதம் பத்துப் பவுண்ட்ஸ் கட்டினார், பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்து. ஆர்ப்பாட்டத்தை மண்டபத்துக்குள் நடத்தக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, கதிரையை எடுத்து வைத்து, கொதிகலனை நிரப்பி விட்டால் போதும். கழுவித் துடைத்துத் திருப்பித் தருவது என் பொறுப்பு.

வருகிற சனிக்கிழமை வகுப்பு பன்னிரண்டு மணிக்கு முடியும். அதன்பிறகு ஒரு மணி வரை வாசலில் நிற்பேன். திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாலாம் வகுப்பு ஆசிரியை